பத்தொன்பது வருடக் கணக்கு

1949 நவம்பர் 25 அன்று அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர் ஆற்றிய உரையில் எல்லோரும் எடுத்துக்காட்டுவது கடைசிப் பகுதியைத்தான். ஜனவரி 26 அன்று முரண்பாடுகள் நிறைந்த ஒரு வாழ்க்கைக்குள் நுழையப்போகிறோம், அரசியலில் சமத்துவம் இருக்கும், சமூக வாழ்விலும் பொருளாதாரத்திலும் இருக்காது என்று எச்சரிக்கும் இடம். அதற்குக் கொஞ்சம் முன்னால் வேறொரு பத்தி இருக்கிறது. அரசியல் சட்டத்தைத் திருத்துவது ஏன் எளிதாக வைக்கப்பட்டிருக்கிறது என்பதற்கு அங்கே அவர் அமெரிக்காவின் தாமஸ் ஜெஃபர்சனைத் துணைக்கு அழைக்கிறார். ஒவ்வொரு தலைமுறையும் ஒரு தனித் தேசம்போல. தன்னைத் தானே கட்டுப்படுத்திக்கொள்ள அதற்கு உரிமை உண்டு, பின்னால் வருபவர்களைக் கட்டிப்போட உரிமை கிடையாது என்பது ஜெஃபர்சனின் வாதம். இது வெறும் உண்மையல்ல, முற்றான உண்மை என்கிறார் அம்பேத்கர்.

முதல்முறை படித்தபோது எனக்கு இந்த இடம் இடறியது. வாழ்நாளில் 600-க்கும் மேற்பட்ட மனிதர்களைச் சொத்தாக வைத்திருந்த ஒருவரை, அதுவும் தலைமுறைகள் பற்றி, அம்பேத்கர் ஏன் மேற்கோள் காட்டவேண்டும்? கொலம்பியாவில் படித்தவர், அடிமைமுறையையும் தீண்டாமையையும் ஒப்பிட்டு எழுதியவர். அவருக்குத் தெரியாமல் இருந்திருக்காது. சரக்கு நல்ல சரக்கு, கடைக்காரரைப் பார்க்கவேண்டியதில்லை என்று நினைத்திருப்பார் என எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். பிறகு அந்த வாசகம் எங்கிருந்து வருகிறது என்று தேடப்போய், ஜெஃபர்சனின் கடைசிப் பதினேழு வருடங்களில் மாட்டிக்கொண்டேன்.

சிந்தனை முளைத்தது 1789-ல். ஜெஃபர்சன் அப்போது பாரிஸில் அமெரிக்கத் தூதர். பாஸ்டில் விழுந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. ஊருக்குத் திரும்ப மூட்டை கட்டிக்கொண்டிருந்தவர், செப்டம்பர் 6 அன்று நண்பர் ஜேம்ஸ் மேடிசனுக்கு ஒரு கடிதம் எழுதுகிறார். பூமி உயிரோடிருப்பவர்களின் அனுபோகத்துக்கு உரியது, செத்தவர்களுக்கு அதன்மேல் எந்த அதிகாரமும் இல்லை என்கிறார். நம் சொத்துப் பத்திரங்களில் வரும் அதே அனுபோகம்தான்: ஆண்டு அனுபவிக்கலாம், அழிக்கக்கூடாது.

இதோடு நிறுத்தியிருந்தால் தத்துவம். மனுஷன் கணக்கில் இறங்கிவிட்டார். பிரெஞ்சு இயற்கையியலாளர் பஃபோனின் மரண அட்டவணையை எடுத்து வைத்துக்கொண்டு, இன்று 21 வயதைத் தாண்டியிருப்பவர்களில் பாதிப்பேர் சாக எவ்வளவு காலம் ஆகும் என்று பார்க்கிறார். விடை 18 வருடம் 8 மாதம். முழு எண்ணாக்கினால் 19. ஆகவே ஒரு தேசம் வாங்கும் எந்தக் கடனும் 19 வருடத்துக்குள் அடைபடவேண்டும். சட்டமும் அரசியல் சாசனமும்கூட அதற்குமேல் தானாகவே காலாவதி. மீறி நீட்டித்தால் அது உரிமை அல்ல, பலாத்காரம். (என் வீட்டுக்கடன் 20 வருடம். ஜெஃபர்சன் கணக்குப்படி கடைசி வருடம் மட்டும் சட்டவிரோதம் என்று வங்கியில் சொல்லிப் பார்க்கலாம்.)

மேடிசன் 1790 பிப்ரவரியில் பதில் எழுதினார். எங்கள் தொழிலில் ஒரு நல்ல ரிவ்யூவர் செய்வதைத்தான் செய்தார்: ஐடியாவைப் பாராட்டிவிட்டு ஓட்டைகளைக் காட்டினார். முன்னோர் செய்துவைத்த மேம்பாடுகளை அடுத்த தலைமுறை அனுபவிக்கிறதே, அதற்கான செலவில் பங்கு ஏற்கவேண்டாமா? சுதந்திரப் போருக்கு வாங்கிய கடன் பேரப்பிள்ளைகளுக்கும் சேர்த்து வாங்கியதுதானே? எல்லாச் சட்டமும் ஒரு குறிப்பிட்ட நாளில் செத்துப்போகும் என்றால் அந்த நாள் நெருங்கும்போது சொத்துக்கு என்ன மதிப்பு? மூன்றும் சரியான கேள்விகள். ஜெஃபர்சன் ஒன்றுக்கும் சரியாகப் பதில் சொல்லவில்லை, கருத்தையும் விடவில்லை. 1816-ல் சாமுவேல் கெர்ச்செவால் என்பவருக்கு எழுதிய கடிதத்திலும் அதே 19, அதே அட்டவணை.

அந்த 1789-ல், அதே பாரிஸ் வீட்டில் அடுத்த தலைமுறையைப் பற்றி இன்னொரு பேச்சும் நடந்திருக்கிறது. ஸாலி ஹெமிங்ஸுக்கு அப்போது 16 வயது. ஜெஃபர்சனின் அடிமை. அவருடைய இறந்துபோன மனைவிக்குத் தந்தை வழியில் தங்கையும்கூட. பிரான்ஸ் மண்ணில் அவள் வழக்குப் போட்டிருந்தால் விடுதலை கிடைத்திருக்கும். வர்ஜீனியாவுக்குத் திரும்ப அவள் மறுத்ததாகவும், பிறக்கப்போகும் பிள்ளைகளை 21 வயதில் விடுவிப்பதாக ஜெஃபர்சன் வாக்குக் கொடுத்த பிறகே கப்பல் ஏறியதாகவும் அவளுடைய மகன் மேடிசன் ஹெமிங்ஸ் 1873-ல் ஓஹயோ பத்திரிகை ஒன்றுக்குச் சொன்னார். இதை வரலாற்றாசிரியர்கள் ரொம்ப காலம் காது கொடுத்துக் கேட்கவில்லை. 1997-ல் அனெட் கார்டன்-ரீட் புத்தகம் எழுதி, அடுத்த வருடம் மரபணுச் சோதனையும் வந்த பிறகுதான் பெரும்பாலோர் ஏற்றுக்கொண்டார்கள். ஒரு அறையில் 19, இன்னொரு அறையில் 21. தத்துவம் எழுதியவர் அறைக்கு வெளியே, பதினாறு வயதுப் பெண் ஒருத்தி அதே தத்துவத்தை நடைமுறைக்குப் பேரம் பேசியிருக்கிறாள்.

ஸாலி அந்த வீட்டுக்கு வந்த வழியும் கவனிக்கவேண்டியது. மாமனார் ஜான் வேல்ஸ் 1773-ல் இறந்தபோது ஜெஃபர்சனுக்கு நிலம் வந்தது, 135 அடிமைகள் வந்தார்கள், அதில் கைக்குழந்தையாக ஸாலியும் இருந்தாள். கூடவே பிரிட்டிஷ் வணிகர்களுக்குக் கொடுக்கவேண்டிய பெரிய கடனும் வந்தது. அந்தக் கடன் அவரை விட்டு விலகவே இல்லை.

1809 மார்ச்சில் ஜனாதிபதி பதவி முடிந்து மான்டிசெல்லோ மலைவீட்டுக்குத் திரும்பும்போது அவருக்கு வயது 65. இனிமேல் புத்தகம், தோட்டம், பேரப்பிள்ளைகள் என்று திட்டம். நடந்தது வேறு. நாட்டின் மூலையில் இருக்கிறவரெல்லாம் கடிதம் எழுதினார்கள். 1820-ல் மட்டும் தனக்கு வந்த கடிதங்கள் 1,267 என்று எண்ணி ஜான் ஆடம்ஸிடம் புலம்பினார். பார்க்க வந்தவர்கள் நாள்கணக்கில் தங்கிச் சாப்பிட்டார்கள், அவர்களுடைய குதிரைகளும் சாப்பிட்டன. வருகிறவரை வா என்று சொல்வது வர்ஜீனியாவில் கௌரவப் பிரச்சினை.

கணக்கு வைக்கத் தெரியாதவர் அல்ல. சில்லறைச் செலவைக்கூட எழுதி வைத்தவர். 1776 ஜூலை 4, சுதந்திரப் பிரகடனம் ஏற்கப்பட்ட நாள். அன்றைய பக்கத்தில் ஒரு வெப்பமானியும் ஏழு ஜோடி பெண்கள் கையுறையும் வாங்கிய செலவு இருக்கிறது. ஆனால் மொத்தம் எவ்வளவு கடன் என்று கூட்டிப் பார்த்த பக்கங்கள் அபூர்வம். இந்த வியாதி எனக்குப் பரிச்சயம். ஒவ்வொரு நொடிக்கும் லாக் எழுதும் சிஸ்டம், டிஸ்க் நிரம்பப்போகிறது என்பதை மட்டும் யாருக்கும் சொல்லாது. எழுதி வைத்திருக்கிறோம் என்ற நிம்மதியே கட்டுப்பாட்டில் இருக்கிறது என்ற பிரமையைக் கொடுத்துவிடும்.

1814-ல் பிரிட்டிஷ் படை வாஷிங்டனை எரித்தபோது காங்கிரஸ் நூலகம் சாம்பலானது. ஜெஃபர்சன் தன் 6,487 புத்தகங்களை 23,950 டாலருக்குக் காங்கிரசுக்குக் கொடுத்தார். இன்றைய காங்கிரஸ் நூலகத்தின் அஸ்திவாரம் அது. பணத்தில் பெரும்பகுதி கடன்காரர்களுக்குப் போனது, மிச்சத்தில் மறுபடி புத்தகம் வாங்க ஆரம்பித்தார். பிறகு நண்பரும் பேரனின் மாமனாருமான வில்சன் கேரி நிக்கலஸ் வாங்கிய 20,000 டாலருக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டார். 1819-ல் வங்கிகள் சரிந்தன, நிலத்தின் விலை சரிந்தது, நிக்கலஸும் சரிந்தார். சம்பந்தி வீட்டுக்கு ஜாமீன் போட்டு மூழ்கியவர்கள் நம் ஊரில் தெருவுக்கு ஒருவர் உண்டு. வட்டி மட்டும் வருடம் 1,200 டாலர்.

இப்போது அம்பேத்கர் எடுத்தாண்ட வாசகத்துக்கு வருகிறேன். அது 1813 ஜூன் 24 தேதியிட்ட கடிதத்தில் இருக்கிறது. எழுதப்பட்டது ஜான் வேல்ஸ் எப்ஸ் என்பவருக்கு. எப்ஸ் ஜெஃபர்சனின் மருமகன், காங்கிரஸ் உறுப்பினர். அரசாங்கக் கடன் பற்றி நீண்ட பாடம் நடத்தும் கடிதம் அது. 19 வருடக் கணக்கு அதிலும் விரிவாக வருகிறது.

ஏழு வருடம் கழித்து, 1820 ஜூன் 30 அன்று, அதே எப்ஸுக்கு இன்னொரு கடிதம். இதிலும் கணக்குதான். இரண்டு வருடத்துக்கு ஒரு பிள்ளை பெறும் அடிமைப்பெண், பண்ணையின் மிகச் சிறந்த ஆண் உழைப்பாளியைவிட லாபகரமானவள் என்கிறார். அவன் உழைப்பு செலவிலேயே கரைந்துவிடும். அவள் பெறுவது மூலதனத்தோடு சேரும்.

இரண்டு கடிதங்களையும் நான் அடுத்தடுத்துப் படிக்கவில்லை. இடையில் சில வாரம் இருந்தது. பெறுநர் பெயரைப் பார்த்ததும்தான் உறைத்தது. அடுத்த தலைமுறை ஒரு தனித் தேசம் என்று சொன்ன அதே கை, அதே ஆளுக்கு, அடுத்த தலைமுறை மூலதனம் என்று எழுதியிருக்கிறது. முதல் கடிதத்தின் தலைமுறை வேறு, இரண்டாம் கடிதத்தின் தலைமுறை வேறு. ஜெஃபர்சனைப் பொறுத்தவரை இதில் முரண்பாடே இல்லை, அதுதான் கொடுமை.

அவருக்குக் கேள்வி வராமல் இல்லை. வாசல் தேடி வந்துகொண்டே இருந்தது. 1814 ஜூலையில் எட்வர்ட் கோல்ஸ் என்ற 27 வயது இளைஞர் எழுதினார். மேடிசனின் செயலாளர், பக்கத்து ஊர்க்காரர், தானும் அடிமைகளை வாரிசாகப் பெற்றவர். அடிமைமுறையை ஒழிக்கும் முயற்சிக்கு நீங்கள் தலைமை ஏற்கவேண்டும், உங்கள் பெயருக்கு அந்த வலு இருக்கிறது என்று கேட்டார். ஜெஃபர்சனின் பதில் அழகான பதில். அடிமைகளின் பக்கம் நியாயம் இருக்கிறது, விடுதலையின் நேரம் வந்துகொண்டிருக்கிறது என்றெல்லாம் சொல்லிவிட்டு, இது இளைஞர்களின் காரியம், கிழவன் கவசம் பூட்டிக்கொண்டு போருக்குப் போவதில் அர்த்தமில்லை என்று முடித்துக்கொண்டார். ஒவ்வொரு தலைமுறையும் தன் காரியத்தைத் தானே பார்த்துக்கொள்ளவேண்டும் என்ற தத்துவத்துக்கும் இந்தச் சாக்குக்கும் நடுவே ஒரு நூலிழைகூட இல்லை. செத்தவர்கள் உயிரோடிருப்பவர்களைக் கட்டக்கூடாது என்பது, உயிரோடிருப்பவர்கள் எதையும் அவிழ்க்கவேண்டியதில்லை என்று ஆகிவிட்டது. கோல்ஸ் விடவில்லை. ஃபிராங்ளின் உங்களைவிட அதிக வயதில் இதைச் செய்தாரே என்று திருப்பி எழுதினார். அது உண்மை: 1790-ல், சாவதற்கு இரண்டு மாதம் முன்பு, 84 வயதில் அடிமை ஒழிப்பு மனுவில் கையெழுத்துப் போட்டவர் ஃபிராங்ளின்.

கோல்ஸ் 1819-ல் வர்ஜீனியாவை விட்டுக் கிளம்பினார். ஓஹயோ ஆற்றில் படகில் போகும்போது தன் ஆட்களிடம் நீங்கள் சுதந்திரமானவர்கள் என்று சொன்னார். குடும்பத்துக்கு 160 ஏக்கர் கொடுத்தார். பிறகு இல்லினாய்ஸ் கவர்னர் ஆகி, அங்கே அடிமைமுறையைக் கொண்டுவர நடந்த முயற்சியை 1824-ல் முறியடித்தார். அவரைப் பற்றித் தமிழில் யாராவது தனியாக எழுதலாம்.

அடுத்தது கொஸ்சியுஸ்கோ. அமெரிக்கச் சுதந்திரப் போரில் சண்டையிட்ட போலந்துப் பொறியாளர். தன் அமெரிக்கப் பணம் முழுவதையும் அடிமைகளை விலைகொடுத்து விடுவித்துப் படிக்கவைக்கச் செலவிடும்படி 1798-ல் உயில் எழுதி, ஜெஃபர்சனை நிர்வாகியாகப் போட்டிருந்தார். 1817-ல் அவர் இறந்தார். ஜெஃபர்சன் வயதைக் காரணம் காட்டிப் பொறுப்பிலிருந்து விலகிக்கொண்டார். அதே வருடங்களில் அவர் ஒரு பல்கலைக்கழகத்தையே கட்டிக்கொண்டிருந்தார் என்பதை நினைவில் வைத்துக்கொள்வோம். வழக்கு நீதிமன்றங்களில் இழுபட்டு, 1852-ல் உச்ச நீதிமன்றம் பணம் உறவினர்களுக்கே என்று தீர்ப்பளித்தது. ஒரு அடிமைகூட அந்தப் பணத்தில் விடுதலையாகவில்லை.

1784-ல் மேற்குப் பிரதேசங்களில் அடிமைமுறை கூடாது என்று இவரே கொண்டுவந்த யோசனை ஒரே ஒரு ஓட்டில் தோற்றது. அதையும் சொல்லியாகவேண்டும். 1820-ல் மிசௌரி பற்றி அதே கேள்வி எழுந்தபோது அவர் எதிர்ப்பக்கம் நின்றார். பரவவிட்டால் நீர்த்துப்போகும் என்று வாதம். நாடு உடையப்போகிறது என்பது அவருக்கு மற்ற யாரையும்விட முன்னாலேயே தெரிந்துவிட்டது. ஓநாயின் காதைப் பிடித்திருக்கிறோம், விடவும் முடியவில்லை என்று எழுதினார். நம் புலிவால் கதைதான்.

பல்கலைக்கழகம் உண்மையிலேயே பெரிய காரியம். மத குருமார்களின் பிடி இல்லாத கல்வி, நடுவில் தேவாலயத்துக்குப் பதில் நூலகம். எழுபது வயதைத் தாண்டிய ஆள் கட்டடம் ஒவ்வொன்றையும் தானே வரைந்து, மலைமேலிருந்து தொலைநோக்கி வைத்துக் கட்டுமானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்பதைப் படிக்கையில் எனக்கு அவர்மேல் பிரியம் வந்துவிட்டது. ஆனால் மிசௌரிக்குப் பிறகு இந்தக் காரியத்துக்கு இன்னொரு நியாயமும் சேர்ந்துகொண்டது. தெற்கத்திப் பிள்ளைகள் வடக்கே போய்ப் படித்தால் நமக்கு எதிரான கருத்துகளோடு திரும்புவார்கள் என்று 1821-ல் எழுதுகிறார். இளைஞர்கள் பார்த்துக்கொள்ளட்டும் என்று கோல்ஸிடம் சொன்னவர், இளைஞர்கள் அதைக் கற்றுவிடாமலிருக்கவும் ஏற்பாடு செய்தார். பல்கலைக்கழகம் 1825 மார்ச்சில் திறந்தது. அக்டோபரில் மாணவர்கள் கலாட்டா செய்து பேராசிரியர்களை அடித்தார்கள். விசாரணையில் பேச எழுந்த ஜெஃபர்சன் பேச்சு வராமல் உட்கார்ந்துவிட்டார்.

1824 நவம்பரில் லாஃபயெட் வந்தார். இரண்டு கிழவர்களும் வண்டியில் போகும்போது, ஒரு மனிதன் இன்னொரு மனிதனுக்குச் சொந்தமாக இருக்கமுடியாது, அதற்காகத்தான் நான் இங்கே வந்து போரிட்டேன் என்று லாஃபயெட் சொல்லியிருக்கிறார். ஒரு நாள் விடுதலை வரும் என்றாராம் ஜெஃபர்சன். எப்போது, எப்படி என்று சொல்லவில்லை. இந்த உரையாடல் நமக்குக் கிடைத்திருப்பது வண்டிக்குதிரையை ஓட்டிய இஸ்ரேல் என்ற அடிமையின் வழியாக. அவர் அதை ஐம்பது வருடம் மனதில் வைத்திருந்து, 1873-ல் சொன்னார்.

1826 தொடக்கத்தில் கதை கந்தலாகிவிட்டது. சொத்தை லாட்டரி விட்டு விற்க வர்ஜீனியா சட்டசபையிடம் அனுமதி கேட்டார்கள். அனுமதி கிடைத்தும் லாட்டரி நடக்கவில்லை. நியூயார்க்கிலும் ஃபிலடெல்ஃபியாவிலும் சந்தா திரட்டினார்கள். ஜூலை 4, பிரகடனத்தின் ஐம்பதாம் ஆண்டு நிறைவன்று மதியம் இறந்தார். அதே நாள் மாலை மாசசூசெட்ஸில் ஆடம்ஸும் இறந்தார். நாடே இதைத் தெய்வச் செயல் என்றது. கடன் 1,07,000 டாலர்.

உயிலில் ஐந்து பேருக்கு விடுதலை. எல்லோரும் ஹெமிங்ஸ் குடும்பத்தார். அதில் ஸாலியின் பிள்ளைகள் மேடிசனும் எஸ்டனும் உண்டு. மூத்தவர்கள் இருவர் 1822-லேயே போகவிடப்பட்டிருந்தார்கள். பாரிஸில் கொடுத்த வாக்கு மட்டும் நிறைவேறியது. மற்றவர்களை விடுவிக்க நினைத்திருந்தாலும் சட்டம் குறுக்கே நின்றது: விடுவிக்கப்பட்டவர்களைப் பழைய எஜமானின் கடனுக்காகத் திரும்பப் பிடிக்கலாம் என்று 1792-லேயே வர்ஜீனியா எழுதி வைத்திருந்தது. அவர்கள் ஏற்கெனவே ஈடு.

1827 ஜனவரி 15 அன்று மான்டிசெல்லோவில் ஏலம் தொடங்கியது. விளம்பரத்தில் நாற்காலி, ஆடுமாடு, தானியத்தோடு 130 மனிதர்கள்.

அரசியல் சொத்தும் பங்கு பிரிந்தது. 1798-ல் அவர் ரகசியமாக எழுதிக்கொடுத்த மாநில உரிமைத் தீர்மானங்களைத் தெற்கு எடுத்துக்கொண்டது, பிரகடனத்தை லிங்கன் எடுத்துக்கொண்டார். குடும்பத்திலும் அப்படியே. மகள் வழிப் பேரன் ஜார்ஜ் வித் ராண்டால்ஃப் 1862-ல் பிரிவினைத் தெற்கின் போர் அமைச்சர். எஸ்டன் ஹெமிங்ஸின் மகன் ஜான் வேல்ஸ் ஜெஃபர்சன் அதே போரில் வடக்கின் விஸ்கான்சின் படைப்பிரிவு ஒன்றில் கர்னல். இன்னொரு பேரன், உயில் நிர்வாகி தாமஸ் ஜெஃபர்சன் ராண்டால்ஃப், 1832-ல் வர்ஜீனியா சட்டசபையில் ஒரு படிப்படியான விடுதலைத் திட்டம் கொண்டுவந்தார். எழுதச்சொல்லித் தூண்டியவர்களில் கோல்ஸும் ஒருவர். 1840 ஜூலை 4-க்குப் பிறகு பிறப்பவர்களுக்கு மட்டும், அவர்களும் வளர்ந்த பிறகு. அதுகூடத் தோற்றது.

உயிலில் விடுதலை பெற்ற ஐவரில் ஒருவர் கொல்லர் ஜோ ஃபாசெட். அவருக்கு விடுதலை ஜெஃபர்சன் இறந்து ஒரு வருடம் கழித்து. அதாவது ஏலத்தன்று அவரும் அடிமைதான், விற்பனைக்கு இல்லாத அடிமை. மனைவி ஈடித், ஜனாதிபதி மாளிகையில் பிரெஞ்சுச் சமையல் கற்று மான்டிசெல்லோவின் தலைமைச் சமையல்காரியாக இருந்தவர். அவரையும் பிள்ளைகளையும் வெவ்வேறு ஆட்கள் ஏலத்தில் எடுத்தார்கள். ஜோ கொல்லுப்பட்டறையில் உழைத்து, உறவினர் துணையோடு ஒவ்வொருவராக மீட்டார். மீட்டாலும் உடனே விடுவிக்கமுடியவில்லை. விடுதலையானவர் பன்னிரண்டு மாதத்தில் மாநிலத்தை விட்டுப் போகவேண்டும் என்று 1806-ல் ஒரு சட்டம். எனவே பத்து வருடம் சட்டப்படி அவர் தன் மனைவிக்கு எஜமானாக இருந்தார். 1837 செப்டம்பரில் ஈடித்தையும் ஐந்து பிள்ளைகளையும் பேரப்பிள்ளைகளையும் விடுவித்துப் பத்திரம் பதிந்துவிட்டு, பிறகு ஓஹயோவுக்குப் போனார்கள்.

அந்தப் பத்திரத்தில் பீட்டரின் பெயர் இல்லை. ஏலத்தில் விற்கப்பட்டபோது பீட்டருக்கு 11 வயது. வாங்கியவர் திருப்பி விற்க மறுத்துவிட்டார். இரண்டு முறை தப்பி ஓடிப் பிடிபட்டான். கற்ற எழுத்தை வைத்து மற்றவர்களுக்கு விடுதலைச் சீட்டு எழுதிக்கொடுத்தான். உறவினர்களும் நண்பர்களும் பணம் சேர்த்து அவரை விடுவித்தது 1850 வாக்கில். ஏலத்திலிருந்து ஏறக்குறைய 23 வருடம், ஜெஃபர்சன் கணக்கைவிட நான்கு வருடம் அதிகம்.